மண்டபமும் மைதானமும்

விக்டோரியா பப்ளிக் ஹால் 2025 டிசம்பரில் மறுபடி திறக்கப்பட்டுவிட்டது. 2023இல் வேலை தொடங்கி, 32 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, சென்னை மாநகராட்சி இதைச் செய்து முடித்திருக்கிறது. பல வருஷங்கள் பாழடைந்து கிடந்த கட்டிடம் இப்போது செங்கல் நிறம் துலங்க நிற்கிறது. பாராட்ட வேண்டிய காரியம்தான். ஆனால் பாராட்டு முடிகிற இடத்தில்தான் விமர்சனத்துக்கு வேலை ஆரம்பிக்கிறது. பழைய நூல் ஒன்றை மறுபதிப்புச் செய்கிறவரிடம் அட்டை நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போய்விடுவதில்லை. எந்தப் பிரதியை வைத்துப் பதிப்பித்தீர்கள், எதைத் திருத்தினீர்கள், எதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறோம். ஒரு மண்டபத்தைப் புதுப்பித்தவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். கேட்காவிட்டால் நாம் செய்வது விமர்சனம் ஆகாது, திறப்பு விழா வாழ்த்துரையாகத்தான் இருக்கும்.

விருதுநகரில் வங்கிக் கணக்கெழுதுகிறவனுக்குச் சென்னைக் கட்டிடத்தின் மேல் என்ன அக்கறை என்று கேட்கலாம். வங்கி வேலையாகவோ பரீட்சைக்காகவோ சென்னை போனபோதெல்லாம், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் ரிப்பன் கட்டிடத்துக்கும் இடையில் தடுப்புகளுக்கு மேலே அதன் கோபுரத்தின் தலை மட்டும் தெரியும். எங்கள் ஊரில் அப்படி ஒரு மண்டபம் கிடையாது. எங்களுக்கு இருப்பது ஒரு மைதானம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், 'பாதுகாத்தல்' என்ற சொல்லை நாம் எவ்வளவு அலட்சியமாகப் பிரயோகிக்கிறோம் என்று எனக்குப் பட்டது.

முதலில் மண்டபத்தின் கணக்கைப் பார்க்கலாம். நகருக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று 1882இல் பச்சையப்பன் ஹாலில் கூடித் தீர்மானித்தார்கள். பாரதி பிறந்த வருஷம் அது. நன்கொடை கொடுத்தவர்கள் திருவிதாங்கூர், மைசூர், புதுக்கோட்டை ராஜாக்கள். எட்டயபுரம் ஜமீனும் அந்த ஜாபிதாவில் உண்டு. சாத்தூரைத் தாண்டிக் கரிசல்காட்டு வழியே போனால் வருகிற அதே எட்டயபுரம். அந்த மானாவாரி மண்ணில் வசூலான வரியில் ஒரு பகுதி, பார்க் டவுனில் செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறிற்று என்று சொல்வதில் தவறில்லை. ஆக, எனக்கும் அந்தக் கட்டிடத்தில் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி அடிக்கல் நாட்டினார். வரைந்தவர் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 50 வருஷம் ஆனதை ஒட்டி அவள் பெயர் சூட்டப்பட்டது. பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்து ஏறக்குறைய 57 கிரவுண்டு நிலத்தை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது நகராட்சி. வாடகை கிரவுண்டுக்கு எட்டணா. வருஷத்துக்கு 28 ரூபாய் சொச்சம். ஒரு நூற்றாண்டுக் காலம் சென்னையின் 'பொது' என்பது வருஷத்துக்கு 28 ரூபாய்க்குக் குடியிருந்தது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு சமூகம் எதற்கு எவ்வளவு வாடகை வாங்குகிறது என்பதில்தான் அது எதை வேண்டும் என்று நினைக்கிறது என்பது தெரியும். இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

கட்டிடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வளைவு வளைவாகத் தாழ்வாரம், சதுரக் கோபுரம், அதன் மேல் மலையாளத்துக் கோயில் கூரையை நினைவுபடுத்தும் தொப்பி. உள்ளே தளத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய கூடங்கள். ஒவ்வொன்றிலும் 600 பேர் உட்காரலாம். மரத்தாலான கேலரியில் இன்னும் 200 பேர். நான் முக்கியமாக நினைப்பது இந்த எண்ணிக்கையைத்தான். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கட்டப்பட்ட கூடம் இது. ஒரு மனிதக் குரல், யந்திரத்தின் துணையில்லாமல், கேலரியின் கடைசி வரிசையைத் தொட வேண்டும். கூரையின் உயரம், சுவர்களின் நெருக்கம் எல்லாம் அந்தக் குரலை ஏந்தத்தான். இந்தக் கட்டிடத்தின் மூலப் பிரதி எது என்று கேட்டால், குரல் என்றுதான் சொல்வேன். செங்கல் அதன் ஏடு.

அந்தக் குரல்கள் யாருடையவை? 1897 பிப்ரவரியில், மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தருக்கு இங்கே வரவேற்பு ஏற்பாடாகியிருந்தது. அன்று நடந்தது, இந்த மண்டபத்தின் முழுச் சரித்திரத்துக்கும் உருவகம் போல எனக்குத் தோன்றுகிறது. உள்ளே 600 பேர், வெளியே ஆயிரக்கணக்கில் ஜனங்கள். வெளியே நின்றவர்கள் விடவில்லை. விவேகானந்தர் எழுந்து வெளியே வந்து, ஒரு வண்டியின் மேல் நின்று பேசினார். திறந்த வெளியில், அந்த இரைச்சலில், குரல் எட்டவில்லை, பேச்சைச் சுருக்கிக்கொண்டார். முறையான சொற்பொழிவை இரண்டு நாள் கழித்து மண்டபத்துக்குள் நிகழ்த்தினார். அதாவது, கட்டி முடித்துப் பத்து வருஷம் ஆவதற்குள்ளேயே, 'பொது' என்று பெயர் வைத்த மண்டபத்துக்குள் பொதுஜனம் அடங்கவில்லை. வெளியே வந்தால் ஜனம் இருக்கிறது, குரல் எட்டாது. உள்ளே போனால் குரல் எட்டும், ஜனம் இருக்காது. பின்னால் வந்த தமிழ் மேடை இந்த இக்கட்டைத் தீர்க்கச் செய்த முயற்சி என்றே அதன் சரித்திரத்தைச் சொல்லிவிடலாம்.

நாடகத்துக்கு வருவோம். 1891இல், 18 வயதில், பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சுகுண விலாஸ சபையைத் தொடங்கினார். பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியின் தெலுங்கு நாடகங்களை இந்த ஹாலில் பார்த்ததுதான் அவருக்குத் தூண்டுதல். சபையின் 'புஷ்பவல்லி' 1893இல் இங்கே அரங்கேறியது. 1895இல் 'மனோகரா' வந்தது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டினார்கள். பெண் வேஷமும் ஆண்களே. ரங்கவடிவேலுவின் பெயர் அதில்தான் நிலைத்தது. கூத்தாடிகள் என்று இகழப்பட்ட தொழில் கனவான்களின் பொழுதுபோக்காக உயர்ந்தது என்று இதைப் பற்றிச் சொல்வார்கள். உயர்ந்தது நாடகமா, கனவான்களின் மனசாட்சியா என்பது தனி விசாரணை.

சம்பந்த முதலியாரின் நாடகங்களை இன்று படிக்க எனக்குப் பொறுமை இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொண்ணூறுக்கும் மேல் எழுதியிருக்கிறார். அவற்றில் வரும் பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லை, கேலரியோடு பேசுகிறார்கள். அந்த உரைநடை கடைசி வரிசையைக் குறிவைத்து வீசப்பட்ட உரைநடை. ஆனால் 1930களில் அவர் வெளியிட்ட 'நாடகமேடை நினைவுகள்' வேறு ரகம். ஒத்திகை, வேஷம், வசூல், சச்சரவு, தவறிப்போன காட்சி, நேரத்துக்குத் தூக்காத திரை – எல்லாவற்றையும் கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு எழுதிக்கொண்டு போகிறார். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. தன்னைப் பற்றிச் சொல்லும்போது கூச்சமும் இல்லை. ஆனால் ஒரு கூடம் உயிரோடிருந்தபோது எப்படி மூச்சு விட்டது என்பது அதில் இருக்கிறது. என் கணிப்பில் அவருடைய நிலையான சிருஷ்டி அந்த நாடகங்கள் அல்ல, இந்த நினைவுக் குறிப்புகள்தான். விக்டோரியா ஹாலை முதலில் பாதுகாத்தவர் அவர். அதற்கு அவருக்குச் சுண்ணாம்பு தேவைப்படவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1896இல் இதே ஹாலில் ஸ்டீவன்சன் என்ற புகைப்படக் கடைக்காரர் சில குறும்படங்களைத் திரையிட்டார். சென்னையின் முதல் சினிமாக் காட்சிகளில் ஒன்று அது. 'மனோகரா' இங்கே மேடையேறி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 1954இல் கருணாநிதி வசனத்தில், சிவாஜி கணேசன் நடிப்பில், அதே 'மனோகரா' படமாக வந்து நாடெங்கும் கொட்டகைகளில் முழங்கியது. கேலரியின் கடைசி வரிசையைத் தொட வேண்டி உருவான குரல், தொட வேண்டிய தூரம் இல்லாமல் போன பிறகும், ஒலிபெருக்கி வந்த பிறகும், அதே உச்சத்திலேயே நின்றுவிட்டது. மேடைத்தமிழ் என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அது வெறும் ரசனைக் கோளாறு இல்லை. ஒரு கட்டிடத்தின் அளவுகள் ஒரு மொழியின் தொண்டையில் தங்கிப்போனதும் அதற்கு ஒரு காரணம்.

இதே காலத்தில் தெற்கே என்ன நடந்துகொண்டிருந்தது? தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் கம்பெனி கம்பெனியாகப் போய் நாடகம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். 1922இல் பாண்டிச்சேரியில் இறந்தார். அவருக்கு மண்டபம் இல்லை, கீற்றுக் கொட்டகைதான். கொட்டகையைப் பிரித்துக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடலாம். நெருப்புப் பட்டால் அரை மணி நேரத்தில் சாம்பல். பாதுகாக்க ஒரு செங்கல் கூட இல்லை.

ஆனால் இன்றைக்கும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கோயில் கொடை வந்தால் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடக்கிறது. வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவாள், வேலன் வேறொரு ஊரிலிருந்து, நாரதர் மூன்றாவது ஊரிலிருந்து. சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்க மாட்டார்கள். மேடையேறினால் சுவாமிகளின் பாட்டு அவர்களைச் சேர்த்துக் கட்டிவிடும். நூறு வருஷத்துக்கு முன் இறந்தவரின் பிரதி இன்றும் வாயில் இருக்கிறது. தர்க்கத்தில் நீள்கிறது, கொச்சையாகிறது, மறுபடி நிமிர்கிறது. சென்னையிலோ கூடம் நிற்கிறது, அதில் நடந்த நாடகம் போய்விட்டது. தெற்கில் கூடம் போய்விட்டது, நாடகம் நிற்கிறது.

இந்த இடத்தில் வாசகர் என்னைச் சந்தேகிக்க வேண்டும். கொட்டகையைப் புகழ்ந்து மண்டபத்தைத் தள்ளிவிடுவது சுலபம். கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மையில் பாதிதான். சுவாமிகளின் கொட்டகைகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பிறகு வந்தவர்கள் சொன்னது. எந்த நாளில் எந்த ஊரில் யார் நடித்தார், எவ்வளவு பேர் வந்தார்கள் என்பதைச் சம்பந்த முதலியாரைப் போல உள்ளிருந்தே எழுதிவைக்க அங்கே ஓர் ஆள் இல்லை. ஓரிடத்தில் நிலைத்து நின்ற கூடம்தான் பதிவேட்டைச் சாத்தியமாக்கிற்று. வாயில் இருப்பது உயிரோடிருக்கும், ஆனால் மாறிக்கொண்டே இருக்கும். மாறியது எது என்று சொல்ல யாராலும் முடியாது. ஆகவே மண்டபம் வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. மண்டபத்தோடு சேர்த்து எதைக் காக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

1936இல் சபை மவுண்ட் ரோடில் தன் சொந்த இடத்துக்குப் போயிற்று. என்னைக் கேட்டால் மண்டபத்தின் சீரழிவு அன்றுதான் ஆரம்பம். கூரை ஒழுகியதெல்லாம் பின்னால் வந்த விளைவு. எங்கள் தொழிலில் 'இனாபரேட்டிவ் கணக்கு' என்று ஒன்று உண்டு. இரண்டு வருஷம் வாடிக்கையாளர் போடவும் இல்லை எடுக்கவும் இல்லை என்றால் கணக்கு அந்தப் பட்டியலுக்குப் போய்விடும். பணம் பத்திரமாக இருக்கும். யாரும் திருடவில்லை. ஆனால் அந்தப் பேரேட்டுப் பக்கம் செத்த பக்கம். விக்டோரியா ஹால் பல வருஷங்கள் அப்படித்தான் இருந்தது. குத்தகை 1985இல் முடிந்தது. அதற்கப்புறம் டிரஸ்டுக்கும் மாநகராட்சிக்கும் வழக்கு. இடத்தை மாநகராட்சி கைக்கொள்ள 2009 ஆகிவிட்டது. பிறகு மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியதில் சீரமைப்பு மேலும் தள்ளிப்போயிற்று.

அதே 1985இல், மே 30ஆம் தேதி, பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் எரிந்தது. நம் வட்டத்து மூத்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பழைய புஸ்தகக் கடைகளில் நின்றபடியே படித்து வளர்ந்தவர்கள் பலர். இப்போது அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. ஒரே பார்க்கில் எழுந்த இரண்டு கட்டிடங்கள். ஒன்று கடைசி நாள் வரை ஜனநெருக்கத்தில் இருந்து நெருப்பில் போயிற்று. மற்றொன்று ஆளில்லாமல் நின்று தப்பித்தது. தப்பித்ததைத்தான் புதுப்பிக்க முடிகிறது. எரிந்ததை நினைக்கத்தான் முடியும். அரண்மனைக்காரத் தெருவில் அன்னி பெசன்ட் காலத்துக் கோகலே ஹால் பாதி இடிபட்ட பிறகுதான் நீதிமன்றம் குறுக்கிட்டது. நாம் பாதுகாக்கிறவை பெரும்பாலும், அழிப்பதற்குத் தாமதமாகிப்போனவைதான்.

எதிர்மாறான உதாரணங்களும் உண்டு. கோயம்புத்தூரின் டவுன் ஹால் 1892இல் கட்டியது. அதையும் விக்டோரியா பெயரில்தான் கட்டினார்கள். மாமன்றக் கூட்டங்கள் அங்கே நடந்து வந்திருக்கின்றன. குப்பை, சாக்கடை, வரி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள், சண்டை போட்டபடியே அந்தக் கட்டிடத்தைக் காப்பாற்றினார்கள். மதுரை விக்டோரியா எட்வர்ட் ஹாலில் பகலில் வாசகசாலையும் மாலையில் ரீகல் டாக்கீஸும் நடந்தன. எங்கள் ஊர் மூத்தவர் ஒருவர் விருதுநகரிலிருந்து ரயிலேறிப்போய் இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டு, கடைசி வண்டியைத் தவறவிட்டு, ஸ்டேஷனில் தூங்கி வந்த கதையை ஒவ்வொரு வருஷமும் சொல்வார். சினிமா ஓட்டியது மண்டபத்துக்கு அவமரியாதை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த அவமரியாதைதான் அதற்கு வாழ்வு கொடுத்தது.

இனி எங்கள் மைதானம். விருதுநகர் தேசபந்து மைதானத்துக்குச் சித்தரஞ்சன் தாஸின் பட்டப்பெயர். நான்கு பக்கமும் கடையும் தெருவும். நடுவில் வெறும் தரை. அதற்குச் சிற்பி கிடையாது, அடிக்கல் கிடையாது. மாமன் கடையில் நின்ற பையன் காமராஜ், கடையை விட்டுவிட்டுக் கூட்டம் கேட்கப் போனவன். அப்படிக் கேட்டே அரசியலுக்கு வந்தவன். பின்னால் அவருக்கு அரசியல் குருவாக அமைந்தவர் சத்தியமூர்த்தி. சத்தியமூர்த்தி யார்? சுகுண விலாஸ சபையில் வேஷம் கட்டி நடித்தவர். விக்டோரியா ஹாலின் நாடகக் குரல் அவர் வழியாகத்தான் காங்கிரஸ் மேடைக்கு வந்தது. ஆனால் சிஷ்யர் அந்தக் குரலை எடுத்துக்கொள்ளவில்லை. காமராஜின் பேச்சு கடைவாசலில் நின்று விலை பேசுகிறவனின் பேச்சு. பாதியில் நிற்கும், எதிரே இருப்பவனைக் கேள்வி கேட்கும். ஒலிபெருக்கி வந்த பிறகு இனிக் கத்த வேண்டியதில்லை என்பதைப் புரிந்துகொண்ட மிகச் சிலரில் அவர் ஒருவர். இலக்கியத்தில் இருக்கிற நாம் இதை இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை.

அதே மைதானத்தில் 1956 ஜூலையில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தார். சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கைகளில் முதன்மையானது. முதல் மந்திரி அதே ஊர்க்காரர், காமராஜ். எழுபது நாளுக்கு மேல் பட்டினி கிடந்து, அக்டோபர் 13ஆம் தேதி மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தார். 1967 ஜூலை 18இல் சட்டசபை பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. 1969 ஜனவரி 14இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. எங்கள் மைதானத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அவற்றில் எதுவும் யாருக்கும் ஞாபகம் இல்லை. பேசாமல், சாப்பிடாமல் படுத்துக் கிடந்த கிழவர் ஒருவர்தான் அந்த இடத்தின் சரித்திரம். அந்த மைதானத்தில் கேட்டுப் பழகிய காமராஜுக்கு அந்த மௌனம் மட்டும் கேட்கவில்லை. ஊர்ப் பெருமை பேசுகிறபோது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இந்தச் சம்பவத்தை எப்படிப் பாதுகாப்பீர்கள்? அரசாங்கத்துக்குத் தெரிந்த வழி, சங்கரலிங்கனாருக்கு விருதுநகரில் மணிமண்டபம் கட்டியது. மண்டபம் என்ற சொல் நம்மிடம் என்ன ஆகிவிட்டது பாருங்கள். ஒன்று கல்யாண மண்டபம், இல்லையென்றால் மணிமண்டபம். கூடிச் சாப்பிட ஒன்று, கும்பிட ஒன்று. கூடிப் பேச ஒன்று என்ற அர்த்தம் கழன்றுவிட்டது. பழங்கட்டிடங்களைக் காக்க 2012இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது, நல்லதுதான். ஆனால் வெறும் தரையை எந்தச் சட்டத்தால் காப்பது? நம் ஊர்களில் காலியாகக் கிடக்கிற இடம் என்றால் எல்லோருக்கும் கை அரிக்கிறது. மைதானத்தைப் பாதுகாப்பது என்றால் அதில் எதையும் கட்டாமல் இருப்பது. நமக்கு அது பெரிய கஷ்டம்.

உத்திரமேரூரில் ஒரு மண்டபம் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், சபைக்கு ஆட்களைக் குடவோலையில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அங்கே எழுதிவைத்தார்கள். வயது 35க்குமேல் 70க்குள், சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவுக்காரனுக்கும் இடமில்லை. யாரை உள்ளே விட்டார்கள், யாரை விடவில்லை என்பது சுவரிலேயே இருக்கிறது. அதை வைத்து அவர்களைப் புகழலாம், கண்டிக்கலாம்; இரண்டுக்கும் ஆதாரத்தை அவர்களே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விக்டோரியா ஹாலின் சுவரில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அங்கே நுழைவுக்கு நிபந்தனை டிக்கெட், உடை, இங்கிலீஷ் என்று எழுதாமலே நடந்தது. புதுப்பித்தவர்கள் இப்போது அருங்காட்சிப் பகுதியும் நிகழ்ச்சி அரங்கமும் வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியில் ராஜாக்களின் நன்கொடைப் பட்டியலோடு, வெளியே நின்ற கூட்டத்துக்கும் ஒரு சுவர் ஒதுக்க வேண்டும். விவேகானந்தர் வண்டிமேல் ஏறிப் பேசிய அந்த மாலை அதற்குப் போதும்.

அதைவிட முக்கியம், மேலே சொன்ன வாடகை விவகாரம். 28 ரூபாய்க்கு நிலம் கொடுத்த நகரம், இன்று அந்தக் கூடத்தை ஒரு சிறு நாடகக் குழு என்ன வாடகைக்கு எடுக்க முடியும் என்பதில்தான் தன் உத்தேசத்தைக் காட்டும். ஐந்து பேர் சேர்ந்து ஆறு மாதம் ஒத்திகை பார்த்த, 80 பேர் மட்டுமே வரக்கூடிய, அரசாங்கத்துக்கும் ஆஸ்தானத்துக்கும் பிடிக்காத நாடகத்துக்கு அந்தக் கதவு திறக்குமா? திறந்தால் 32 கோடியும் செல்லுபடி. கார்ப்பரேட் விருந்துக்கும் விருது விழாவுக்கும் மட்டும் திறந்தால் அது ஜோடித்து வைத்த இனாபரேட்டிவ் கணக்குதான். கூடவே, மைக் இல்லாமல் ஒரு நாளாவது அங்கே நாடகம் நடக்கட்டும். சிஷோம் எதற்காக அந்தக் கூரையை அந்த உயரத்தில் வைத்தார் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் 'கூடுதல்' என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் ஒரு அறைக்கு இத்தனை பேர் என்று விதி இருக்கிறது. பெரும்பாலும் நான்கு பேர். கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். ஆள் கூடினால் சாவும் கூடும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் இறந்தவர்கள் எத்தனையோ பேர். இங்கே வேலை நேரத்தில் மனிதர்கள் கூடக் கூடாது. அது நியாயமான விதி, உயிர் காக்கிற விதி. ஆனால் பகலெல்லாம் நான்கு நான்கு பேராகப் பிரிந்து உட்கார்ந்தவர்கள் மாலையில் நானூறு பேராகக் கூடி, கூலியைப் பற்றியும் அந்த விதி மீறப்படுவதைப் பற்றியும் பேச ஓர் இடம் வேண்டாமா? அவர்களுக்கு விக்டோரியா ஹால் வேண்டியதில்லை. ஒரு வெறுந்தரை போதும். மைதானத்தைக் காப்பது என்று நான் சொல்வது அழகுணர்ச்சியின் பாற்பட்ட விஷயம் இல்லை.

எங்கள் இலக்கிய வட்டத்தில் ஏழு பேர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடுகிறோம். ஒருவர் படிப்பார், மற்றவர்கள் கேட்போம், பிறகு சண்டை. குரலை உயர்த்த வேண்டிய அவசியம் அங்கே இல்லை, ஆனாலும் உயர்த்துகிறோம். நம் சிறு பத்திரிகைகள் எல்லாமே அப்படி மாடியறையில் பிறந்தவைதான். மேடையை வெறுத்து மாடிக்கு ஏறினோம், சரியாகத்தான் செய்தோம். ஆனால் மாடியிலேயே இருந்துவிட்டதில் கீழே மண்டபமும் மைதானமும் யார் கைக்குப் போகின்றன என்று பார்க்காமல் விட்டுவிட்டோம். சம்பந்த முதலியார் செய்ததைக் கூட நாம் செய்யவில்லை. யார் வந்தார்கள், என்ன படிக்கப்பட்டது, எதற்குச் சண்டை வந்தது என்று ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிவைக்க எத்தனை வட்டங்களில் ஆள் இருந்தது? போன மாதக் கூட்டத்திலிருந்து நான் அந்த நோட்டை ஆரம்பித்திருக்கிறேன்.

அடுத்த வருஷத்துக்கான காலண்டர்கள் சிவகாசி அச்சகங்களில் இப்போதே ஓடத் தொடங்கியிருக்கும். ஏதாவது ஒரு மாதத்துக்குப் புதுப்பித்த விக்டோரியா ஹால் படம் வரலாம். நன்றாகத்தான் இருக்கும், எங்கள் ஊர் அச்சு. படத்தில் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.